நிற்கிற நேரத்துக்குக் கூலி

குலசாமி நாளுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. மெழுகுவத்தியை ஏற்றி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருகிறவர் வரட்டும் என்று நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும். வீட்டுக்காரன் அன்றைக்குப் பொழுது சாயும்வரை உட்காரக் கூடாது. வந்தவர்களை உட்கார வைத்து, ஊற்றிக் கொடுத்து, பரிமாறி, கால் கடுக்க நிற்பவனைத்தான் நல்ல வீட்டுக்காரன் என்பார்கள். எல்லையோர ஸ்ரேம் சீமையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

ஒப்ராத் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். நிற்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

புனித நிக்கோலா அவர் வீட்டுக் குலசாமி. டிசம்பர்ப் பனிமூட்டத்தில் வருகிற நாள். நோன்புக் காலத்தில் விழுவதால் கறி, பால், முட்டை எதுவும் கிடையாது. மீனும் பீன்ஸும்தான். மீன் பொரிப்பது ஒப்ராதுக்குக் கைவந்த வேலை. பீன்ஸ்தான் காலை வாரிவிட்டது. வெங்காயமும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் போட்டு மண்சட்டியில் அடுப்புக்குள் வைத்து மெல்ல வேகவிடுகிற பண்டம் அது. கல்யாணமான நாளிலிருந்து மனைவி விதோசாவா செய்தது. அவள் இப்போது ஆஸ்திரியாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் போனவள், பேத்தி பிறந்து கழுத்து நின்ற பிறகும் வரவில்லை. அங்கிருந்தே போனில் பக்குவம் சொன்னாள். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும் என்றாள். அவர் ஏற்கெனவே முதலில் போட்டிருந்தார். சொன்ன பேச்சைத் தட்டக் கூடாதென்று கடைசியிலும் போட்டார்.

காலையில் பாதிரியார் வந்து குலசாமி ரொட்டியில் திராட்சைரசம் ஊற்றி வெட்டிக் கொடுத்துவிட்டு, நின்ற மேனிக்கே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பாதி ஊருக்கு நிக்கோலாதான் குலசாமி, அவருக்கும் பாவம் எத்தனை வீடு. பக்கத்து வீட்டுக் கிழவரும் அவர் சம்சாரமும் வந்து ஒரு வாய் மீன் தின்றுவிட்டு, பல்வலி என்று எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு மேசையைச் சுற்றி வெறும் நாற்காலிகள்தான். போன வருசம் வரை இப்படியா இருந்தது? ஒப்ராதிடம் நான்கு லாரிகள், நான்கு டிரைவர்கள். நிக்கோலா நாளில் நான்கு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினால் விதோசாவா பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்குவாள். திஹோமிர் ஒருவர் போதும், மேசை நிறைந்துவிடும்.

திஹோமிர் அவருக்கு டிரைவர் மட்டும் இல்லை. கூம். ஒப்ராதின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர், மகளுக்கு ஞானத்தகப்பன். இந்தப் பக்கத்தில் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். அண்ணன் தம்பி வரப்புக்கு அடித்துக்கொள்ளலாம், ஊர் மறந்துவிடும். கூமோடு முகம் திருப்பிக்கொண்டவனை ஊர் மறக்காது. பழைய சர்க்கார் லாரிக் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பெனி மண்ணோடு மண்ணாகப் போனபோது ஒப்ராத் மாமனார் நிலத்தை விற்று ஒரு பழைய வண்டி வாங்கினார். அதில் முதல் லோடு ஓட்டியது திஹோமிர். கூலி என்ன என்று அப்போதும் கேட்கவில்லை.

இந்த வசந்த காலம்வரை நாள்கூலிதான் கொடுத்துவந்தார் ஒப்ராத். வண்டி எடுத்த நாளிலிருந்து திரும்பி வந்து சாவி மாட்டுகிற நாள்வரை, இத்தனை நாளுக்கு இவ்வளவு. அதைக் கெடுத்தவன் ஸ்லாவிஷா. சின்ன வயசு, நல்ல கை, ஆனால் வாலில்லாத குறைதான். ஹங்கேரியில் ஒரு லாரிப்பேட்டையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு நாள் கணக்காகக் குடும்பம் நடத்திவிட்டு, என்ஜின் கோளாறு என்று வந்து நின்றான். நோகாமல் நோன்பு கும்பிட்டான் பயல். ஒப்ராதுக்கு வயிறெரிந்தது. இனி ஓடுகிற கிலோமீட்டருக்குத்தான் கூலி என்று முடிவுகட்டினார். சக்கரம் சுற்றினால் காசு, நின்றால் இல்லை. யாருக்கும் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு கிடையாது. ரோடு பொய் சொல்லாது பாருங்கள், அதனால் அவருக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தானாகச் செய்தார் என்று ஒரு பேச்சு வரக் கூடாதென்று நான்கு பேரையும் கராஜில் நிற்க வைத்துக் கேட்டார். ஸ்லாவிஷா கைதட்டினான். மற்ற இருவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார்கள். கடைசியில் திஹோமிரைப் பார்த்தார். "நீ சொன்னா சரிதான், கூமே" என்றார் திஹோமிர். ஒப்ராதுக்குத் திருப்தி. நாலு பேர் முன்னால் கூமிடம் கூலிப் பேச்சை எடுத்தால் அவன் வேறென்ன சொல்வான் என்று அவருக்குத் தோன்றவில்லை. கூமிடம் கூலி பேசுகிறவன் நாளைக்குத் தாயிடம் பாலுக்கு விலை கேட்பான் என்று இந்த ஊரில் சொல்வார்கள். இது தெரிந்தும் கேட்டாரே, அதுதான் பிசகு.

இன்னொன்றும் செய்தார், அதை நல்லது என்றே நினைத்துச் செய்தார். வடக்கே போகிற டிரிப்புகளையெல்லாம் திஹோமிருக்கே கொடுத்தார். ஜெர்மனிக்குப் போகிற உறைந்த ராஸ்பெரி லோடு. எல்லைச் சாவடி ஊருக்குப் பக்கம், கூம் போகும்போதும் வரும்போதும் வீட்டில் தலைகாட்டலாம், வயசான காலத்தில் வீட்டுப் பக்கமே இருக்கட்டும் என்று நினைத்தார். ஸ்லாவிஷாவைத் தெற்கே கிரேக்கத்துக்கு விரட்டினார். அந்தப் பக்கம் ரோடு நீளம், நிறுத்தம் குறைவு. வடக்கு எல்லையில் வரிசை நெடுஞ்சாலையில் பாம்பாகக் கிடக்கும். அதில் நிற்கிறவனுக்குச் சக்கரம் சுற்றாது.

நடுப்பகலில் வாசலில் கார் சத்தம் கேட்டது. ஒப்ராத் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனார். ஸ்லாவிஷாதான். பனியில் மூக்கு சிவந்து, புது ஜாக்கெட் போட்டிருந்தான். தேனும் வால்நட்டும் கலந்த அவித்த கோதுமையை வாசலிலேயே நீட்டினார். அவன் சிலுவை போட்டு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு வாழ்த்துச் சொன்னான். உள்ளே வந்து காலி நாற்காலிகளைப் பார்த்தான்.

"என்ன மொதலாளி, கல்யாண மண்டபத்துல பொண்ணு ஓடிப்போன மாதிரி இருக்கு?"

"வருவாங்க. நேரமிருக்கு. நீ உக்காரு."

பிளம்பழச் சாராயம் ஊற்றினார். மீன் வைத்தார், பீன்ஸ் வைத்தார். ஸ்லாவிஷா பீன்ஸில் ஒரு வாய் வைத்துவிட்டு அவசரமாக ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். முதலாளியம்மா எப்போது வருவார் என்று கேட்டான். பாவி, அந்தக் கேள்வி எதற்கென்று ஒப்ராதுக்குப் புரிந்தது.

அவன் பேச்சு சுற்றிச் சுற்றி டிரிப்பிலேயே வந்து நின்றது. நாள்கூலிக் காலத்தில் தான் மாடு மாதிரி தூங்கியதாகவும், இப்போது ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே மனசில்லை என்றும் சொன்னான். ஒப்ராத் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு மாற்றத்துக்கு வடக்கே போகிறாயா என்றார்.

"வடக்கயா? சும்மா இருங்க மொதலாளி. அந்த வரிசையில யாரு போய் நிக்கறது? சும்மா ஒக்காந்திருக்க எங்க வீட்டு சோபா பத்தாதா? அதுக்குத்தான் உங்க கூம் இருக்காரே. பொறுமைசாலி."

"அவருக்கும் எப்பவாச்சும் தெக்க போகணும்னு இருக்காதா?"

"எனக்கென்ன தெரியும்? நாலு நாள் நிக்கறாரு, ஒரு நாள் ஓடறாரு. நான் வாங்கறதுல பாதி வாங்குவாரா, அதுவும் சந்தேகந்தான். பாவமாத்தான் இருக்கு." அவன் மீன்முள்ளைத் தட்டோரம் வைத்தான். "ஆனா கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான மொதலாளி. நீங்கதான சொன்னீங்க."

ஒப்ராத் அவன் கிளாசை நிரப்பினார். கராஜில் தான் சொன்ன வார்த்தைதான் அது, ஒரு எழுத்து மாறவில்லை. அவன் வாயில் கேட்டபோது ஏன் கசந்தது என்று தெரியவில்லை. பாதிதான் என்பது அவருக்குத் தெரியாதா? மாசாமாசம் அவர் கையால்தான் கொடுக்கிறார். தெரியும். கூம் ஒன்றும் சொல்லாததால் அதைத் தெரியாததுபோல வைத்திருந்தார். அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஸ்லாவிஷா எதற்கெடுத்தாலும் அழுவான்.

அவன் போன பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றது. தோட்டத்துக்கு அப்பால் கறுப்பு மண்ணும், அறுத்த மக்காச்சோளத் தட்டைகளும், அதற்கப்பால் நெடுஞ்சாலையும். சாலை கண்ணுக்குத் தெரியவில்லை. நிற்கிற லாரிகளின் என்ஜின் உறுமல் மட்டும் வந்தது. அந்த வரிசையில்தான் திஹோமிர் நிற்கிறார் என்று ஒப்ராதுக்குத் தெரியும். ஜெர்மன்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, லோடு போயே ஆக வேண்டும் என்று தரகர் ஒற்றைக்காலில் நின்றார். மற்ற இரண்டு டிரைவர்களும் வேறு லோடோடு வெளியே போயிருந்தார்கள். ஆள் கிடைக்காவிட்டால் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று முந்தாநாள் கராஜில் ஒப்ராத் அலுத்துக்கொண்டபோது, திஹோமிர் பேசாமல் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார். கிலோமீட்டர் வேண்டியிருக்கிறது போல என்று ஒப்ராத் நினைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது ஸகோர்கா, திஹோமிரின் மனைவி, ஒப்ராதுக்குக் கூமா முறை. நடந்தே வந்திருந்தாள். காலணியில் சேறு, கையில் துணி போர்த்திய தட்டு. கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி, நோன்புக்கு ஏற்றபடி எண்ணெயில் செய்தது. ஒப்ராத் ஓடிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். வேறு யார் வராவிட்டாலும் கூம் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள்.

"வாங்க கூமா, வாங்க. நடந்தா வந்தீங்க?"

"வேற எதுல வரது? குலசாமி நாள் வாழ்த்து, கூமே." மூன்று தடவை கன்னத்தில் முத்தமிட்டாள். கோதுமை எடுத்துக்கொண்டாள். மெழுகுவத்தி எவ்வளவு எரிந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்து பீன்ஸைத் தின்றாள், முகத்தைச் சுளிக்காமல் முழுக்கத் தின்றாள்.

பேத்தியைப் பற்றிக் கேட்டாள். விதோசாவா எப்போது வருகிறாள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் ஒப்ராத். தன் மகன் ஜெர்மனியிலிருந்து இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லையாம் என்றாள். இரண்டு பேருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லை, ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. கூம் எங்கே நிற்கிறார் என்று கடைசியில் ஒப்ராதே கேட்டார்.

"மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்தான். காலையில நம்ம கோயில் மணி கேட்டுச்சாம்."

"அவ்வளவு கிட்டவா?"

"போன மாசமும் அங்கதான் நின்னாரு."

போன மாதம் மிக்கேல் சம்மனசு நாள். திஹோமிர் வீட்டுக் குலசாமி நாள். ஒப்ராத் போயிருந்தார். போகாமல் இருப்பாரா? ஸகோர்கா தனியாக மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள், பக்கத்து வீட்டுப் பையன் ரொட்டியைப் பிடித்துக்கொண்டான். கூம் லோடோடு வெளியே போயிருந்தார். ஒப்ராத் நன்றாகச் சாப்பிட்டார். கொழுத்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ் சுருட்டல், சிவப்பு ஒயின். கூம் இல்லாதது ஒரு குறைதான், ஆனால் டிரைவர் பிழைப்பு அப்படித்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

"கூமே, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அன்னிக்கு எங்க மேசையில ஒக்காந்துகிட்டு அவருக்குப் போன் போட்டீங்க. ஞாபகமிருக்கா?"

அவருக்கு ஞாபகமில்லை.

"நான் கறி கொண்டாந்து வெச்சிட்டு, வாழ்த்துச் சொல்லப் போறீங்கன்னு கிட்டவே நின்னேன். 'முன்னால எத்தன வண்டி நிக்குது'ன்னு கேட்டீங்க. 'சரி, தாண்டுனதும் சொல்லு'ன்னு வெச்சிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. தட்டில் போர்த்தியிருந்த துணியின் மூலையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவரு வீட்டு மேசை கூமே. அவரு குலசாமி. அங்கருந்து நீங்க மொதலாளியாத்தான் அவரக் கூப்பிட்டீங்க. அவரு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்ற ஆளா? ஆனா டிரிப்பு முடிச்சு வந்த அன்னிக்கு ராத்திரி, மிச்சமிருந்த மெழுகுவத்தியக் கையில வெச்சுகிட்டு ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாரு."

ஒப்ராதுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் போய் நன்றாக எரிந்துகொண்டிருந்த விறகையே கிளறினார். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மேசையைப் பார்த்தார், வெறும் தட்டுகள். இத்தனை தட்டுக்கும் ஆள் வந்து உட்கார்ந்தாலும் இன்றைக்கு அந்த ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று பட்டது. கூம் போய்விட்டால் தனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது பயம் வந்தது.

சட்டியில் பீன்ஸ் எடுத்தார், மீன் எடுத்தார், குலசாமி ரொட்டியில் ஒரு கால்பாகம் பிய்த்து வைத்தார். கோட்டு போட்டார்.

"வீட்டுக்காரரு வெளிய போகலாமா இன்னிக்கு?" என்றாள் ஸகோர்கா.

"போகக் கூடாது."

அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்தாள். "மெழுகுவத்திய நான் பாத்துக்கறேன். யாராச்சும் வந்தா கோதுமை குடுக்கறேன். போய்ட்டு வாங்க."

நெடுஞ்சாலைக்கு ஓரமாக வயல்பாதை ஒன்று உண்டு. காரை மேம்பாலத்தடியில் நிறுத்திவிட்டு, வேலி அறுந்த இடத்தில் ஏறி வரிசையோரம் நடந்தார். துருக்கி வண்டிகள், பல்கேரியா வண்டிகள், ருமேனியா வண்டிகள். ஒருவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினான். ஒருவன் போனில் குழந்தைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் கடைசியாக ஒரு வெள்ளைக் கதவில் சிவப்பெழுத்துத் தெரிந்தது. ஒப்ராத் என்று அவர் பெயர்தான். பெயின்ட் அடித்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது.

கதவைத் தட்டினார். திஹோமிர் மேலிருந்து குனிந்து பார்த்தார். நரைத்த மீசை, கம்பளித் தொப்பி, மடியில் போர்வை. ஆச்சரியம் முகத்தில் வந்து உடனே மறைந்தது.

"என்ன கூமே, லோடுல ஏதாச்சும் பிரச்சினையா?"

அந்தக் கேள்வியும் குத்தியது. பிரச்சினை இல்லாமல் தன் கூம் தன்னைத் தேடி வரமாட்டான் என்று நினைக்கிற இடத்துக்கு வந்துவிட்டார்களே.

"ஒண்ணுமில்ல. சாப்பாடு கொண்டாந்தேன்."

ஏறி உட்கார்ந்தார். திஹோமிர் முறைப்படி வாழ்த்துச் சொன்னார், ரொட்டியை முத்தமிட்டுவிட்டுத் தின்றார். பின்னால் குளிர்பெட்டி மெஷின் ஓயாமல் இரைந்தது. அதை விட்டு இறங்க முடியாது. நின்றுபோனால் பழம் கெடும், நகராவிட்டால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். பீன்ஸை வாயில் வைத்ததும் திஹோமிரின் மீசை ஆடியது.

"விதோசாவாவ சீக்கிரம் வரச் சொல்லு."

ஒப்ராத் சிரித்தார். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. பழைய சர்க்கார் கம்பெனிக் காலம் நினைப்புக்கு வந்தது. இதே எல்லை, இதே வரிசை. கம்பெனி வண்டிகள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து நிற்கும். அடுப்பு மூட்டி ஒரே சட்டியில் சூப்பு வைப்பார்கள், சீட்டாடுவார்கள். வரிசை நகர்ந்தால் திட்டிக்கொண்டே எழுந்து போவார்கள். நின்றாலும் நாள்படி உண்டு, ஓடினாலும் உண்டு. அதனால்தான் நிற்பது அத்தனை இனிப்பாக இருந்தது. தான் மறந்தது இதைத்தான். நிற்பதென்றால் சும்மா இருப்பது என்று அவர் மனசில் எப்படியோ பதிந்துபோயிருந்தது.

"கூமே, போன மாசம் உன் குலசாமி நாளுக்கு நான் வாழ்த்துச் சொல்லல."

திஹோமிர் முன்கண்ணாடியைத் துடைத்தார். "ஸகோர்கா சொன்னாளா? அவளுக்கு வாய் நீளம்."

"நாளைலருந்து கணக்க மாத்தறேன். வண்டி எடுத்த நாள் ஒவ்வொண்ணுக்கும் நாள்படி உண்டு. நின்னாலும் சரி, ஓடுனாலும் சரி. அதுக்கு மேல கிலோமீட்டருக்குக் கொஞ்சம். வடக்கு டிரிப்பு ஆளுக்கொரு தடவ, முறை வெச்சு. ஸ்லாவிஷாவும் வந்து நிக்கட்டும்."

"குதிப்பான் பய."

"குதிக்கட்டும். புடிக்காட்டி போகட்டும்."

"நல்ல கணக்குதான்," என்றார் திஹோமிர் மெதுவாக. "பசங்களுக்கு நல்லது." பிறகு சட்டியை மூடிக் கீழே வைத்தார். "கூமே, நான் எல்லைக்கு அந்தப் பக்கம் மாரிபோர்ல ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். மாசச் சம்பளம். ஜனவரியில நம்ம கிறிஸ்துமஸ் கழிஞ்சதும் வரச் சொல்லிருக்காங்க. இன்னிக்குச் சொல்ல வேணாம்னு இருந்தேன், உன் நாளு பாரு."

ஒப்ராத் முன்னால் நின்ற துருக்கி வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழிக்கச் சொல்லலாம். கூம் என்ற முறையில் கேட்டால் அவர் கிழித்தும் விடுவார். அதனாலேயே கேட்கக் கூடாது என்று தெரிந்தது. ஒரு தடவை கேட்கக் கூடாததைக் கேட்டது போதும்.

"ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு? கூலி பத்தலன்னா? உன்கிட்டயா?"

ஒப்ராத் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"போறவன் போகாம, இந்த டிரிப்ப ஏன் எடுத்த? அதுவும் இன்னிக்கு?"

திஹோமிருக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை போல இருந்தது. "நீதான கராஜில சொன்ன, ஆளில்லாட்டி நானே ஓட்டிட்டுப் போறேன்னு. குலசாமி நாளும் அதுவுமா நீ வரிசையில நின்னா மேசைகிட்ட யாரு நிக்கறது? விதோசாவாவும் இல்ல."

ஒப்ராத் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கிலோமீட்டர் வேண்டியிருக்கிறது போல என்று நினைத்தாரே, அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? திஹோமிர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு குளிர்மெஷினின் அளவைச் சரிபார்ப்பதுபோல இருந்தார். வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. திஹோமிர் நகர்த்தி நிறுத்தினார்.

நிறுத்தியதும் ஒப்ராத் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவர் மடியில் போட்டார். பாஸ்போர்ட்டையும், வண்டி மீட்டரில் செருகி ஓட்டுகிற நேரத்தைப் பதிகிற தன் டிரைவர் அட்டையையும் எடுத்தார். வண்டி ஓட்டுவதை விட்டு நாளாகியும் அதைப் புதுப்பிக்க மட்டும் அவர் தவறியதில்லை.

"எறங்கு கூமே. கார் மேம்பாலத்தடியில நிக்குது. ஸகோர்கா எங்க வீட்லதான் இருக்கா. போய்ச் சூடா சாப்பிடு."

"பைத்தியமா உனக்கு? இன்னிக்கு நீ இங்க நின்னா ஊரு சிரிக்கும்."

"போன மாசம் நீ நின்னப்ப யாரும் சிரிக்கலயே."

"லோடு ஜெர்மனி போகணும்."

"நானும் ஜெர்மனி பாத்தவன்தான். எறங்கு."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டார்கள். சின்ன வயசில் யார் முதலில் குளிப்பது என்று லாரிப்பேட்டையில் முறைத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. கடைசியில் திஹோமிர் தன் அட்டையை உருவிக்கொண்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். போர்வையைத் திரும்ப மேலே எறிந்தார். பெடல் கொஞ்சம் இழுக்கும், பார்த்துப் போ என்றார். பனிமூட்டத்தில் அவர் முதுகு நாலைந்து வண்டிகள்வரை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

ஒப்ராத் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். இருக்கை திஹோமிரின் உடம்புக்குப் பள்ளமாகியிருந்தது, அவருக்கு எங்கேயோ இடித்தது. கண்ணாடிக்குக் கீழே சின்னதாக நிக்கோலா படம் ஒட்டியிருந்தது. மிக்கேல் இல்லை, நிக்கோலா. முதலாளி வீட்டுக் குலசாமி. ஒப்ராதேதான் எல்லா வண்டியிலும் ஒட்டச் சொன்னது.

பேச ஆளில்லை. முன்னால் இருப்பவன் இறங்கிக் கை காலை உதறிவிட்டு ஏறிக்கொண்டான். பின்னால் இருப்பவனின் முகமே தெரியவில்லை. என்ஜின் ஓடாத வண்டியில் உட்கார்ந்தால் பனி முதலில் முழங்காலில்தான் ஏறுகிறது. ஊர்ப்பக்கம் மணி அடித்தது. அவர் வீட்டுப் புகைபோக்கிகூட இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் போக முடியாது. இப்படித்தான் அவன் உட்கார்ந்திருந்தான், என் கூம், மாசக்கணக்காக, நான் வெளிச்சத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என்று நினைத்தார். நினைக்க நினைக்க அழுகையாக வந்தது. பார்க்க யாருமில்லாததால் அழுதார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் அடித்தது. வீட்டு எண்.

"குலசாமி நாள் வாழ்த்து, கூமே," என்றார் திஹோமிர். பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தமும், தட்டுச் சத்தமும், யாரோ ஒரு கிழவர் உரக்கச் சிரிப்பதும் கேட்டது. ஆட்கள் வந்திருக்கிறார்கள் போல.

முன்னால் எத்தனை வண்டி என்று அவன் கேட்பான், சொல்லலாம் என்று ஒப்ராத் விளக்குகளை எண்ணப் பார்த்தார். அவன் கேட்கவில்லை.

"மெழுகுவத்தி இன்னும் நல்லா எரியுது. பல்வலிக் கிழவரு மறுபடி வந்திருக்காரு, இன்னும் நாலு பேரு. சாராயம் எங்க வெச்சிருக்கன்னு தேடி எடுத்துட்டேன். நீ கவலப்படாத. வந்ததுலருந்து நான் ஒக்காரல, கூமே. நின்னுகிட்டுத்தான் இருக்கேன்."